புகை நிறுத்தும் மாத்திரை: இரண்டாம் வாரத்தைத் தாண்டுவது எப்படி

புகை நிறுத்தும் மாத்திரையை வாங்கியவர்கள் அதைக் கைவிடுவது, நான் பார்த்த வரையில், இரண்டாம் வாரத்தில்தான். முதல் வாரம் உற்சாகமே தாங்கிவிடும். எட்டாம் நாள் மாத்திரையின் அளவு கூடுகிறது. வயிற்றைப் புரட்டுகிறது. இரவில், என்றோ இறந்துபோன பாட்டி கனவில் வந்து கொடுக்கல் வாங்கல் கணக்குக் கேட்கிறார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் மாத்திரை அட்டை சாமி மேடைக்குப் பின்னால் போய்விடுகிறது; சிகரெட் பெட்டி மறுபடியும் சட்டைப்பைக்கு வந்துவிடுகிறது. கிளினிக்கில் கேட்டால், "மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒரே பதில்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் டிரெசராக, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எல்ஃபில், ஹீவுட் என்று தோட்டத்தின் பெயர் எதுவாக இருந்தாலும் அந்தப் பதில் மட்டும் மாறாது. அதற்குப் பின்னால் இருப்பது பல நேரங்களில் மிக எளிதாகச் சரிசெய்யக்கூடிய சங்கதி. சில நேரங்களில் மட்டும், உண்மையிலேயே அன்றே நிறுத்த வேண்டிய அறிகுறி. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால் போதும். மாத்திரையை எழுதுவதும் அளவை மாற்றுவதும் மருத்துவரின் வேலை. அதில் நான் தலையிடப் போவதில்லை. அவரிடம் எதைச் சொல்ல வேண்டும், எப்படி விழுங்க வேண்டும், வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன்.

முதல் படி: மருந்தைச் சரியான இடத்தில் வாங்குங்கள்

அரசாங்க சுகாதார கிளினிக்குகள் பலவற்றில் புகை நிறுத்தும் பிரிவு உண்டு. குடிமக்களுக்கு வழக்கமான வெளிநோயாளிக் கட்டணம் 1 ரிங்கிட். முதல் சந்திப்பில் ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடின் அளவு தெரியும். "காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்?" என்று கேட்பார்கள். அரை மணி நேரத்துக்குள் என்றால் பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்று பொருள். வெட்கப்பட்டுக் குறைத்துச் சொல்லாதீர்கள். அந்தப் பதிலை வைத்துத்தான் மருந்தும் அளவும் முடிவாகும்.

தனியார் கிளினிக்கிலும் மருத்துவர் எழுதித் தருவார்; செலவு கூடும். எந்த மருந்து கையிருப்பில் இருக்கும் என்பது இடத்துக்கு இடம் மாறும், ஆகவே முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று முகம் தெரியாத விற்பனையாளரிடம் வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். மினுமினுக்கும் ஹாலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். அவை இல்லாத பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மச்சானின் பழைய பெட்டியும் வேண்டாம். சாம்பிக்ஸ் என்ற பெயரில் விற்கப்பட்ட வாரெனிக்லின் என்ற புகை நிறுத்தும் மாத்திரைகளில், 2021இல் புற்றுநோய் அபாயம் உள்ள நைட்ரோசமைன் வகைக் கலப்பு அனுமதிக்கப்பட்ட அளவைவிடக் கூடுதலாக இருந்ததால், ஃபைசர் நிறுவனம் விநியோகத்தை நிறுத்தி மருந்தைத் திரும்பப் பெற்றது. குறை வாரெனிக்லின் என்ற மருந்தில் இல்லை. தயாரிப்பில் சேர்ந்துவிட்ட கலப்பில் இருந்தது. பிறகு வேறு நிறுவனங்களின் வாரெனிக்லின் சந்தைக்கு வந்தது. எப்படியிருந்தாலும், அலமாரியில் தூங்கும் பழைய அட்டை உங்களுக்கானது அல்ல.

இரண்டாம் படி: கையில் இருப்பது எந்த மருந்து என்று தெரிந்துகொள்ளுங்கள்

பக்க விளைவைப் பற்றிப் பேசுவதற்கு முன் மருந்தின் பெயர் தெரிய வேண்டும். "வெள்ளை மாத்திரை" என்றால் யாராலும் உதவ முடியாது.

வாரெனிக்லின் மூளையில் நிக்கோட்டின் போய் உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நிக்கோட்டின் தரும் தூண்டலில் ஒரு பகுதியை மட்டும் தருவதால் ஏக்கம் தணிகிறது. இடம் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால் சிகரெட் பிடித்தாலும் பழைய சுவை கிடைப்பதில்லை. புப்ரோபியோன் வேறு ரகம். அது மனச்சோர்வுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து. 1997இல் அமெரிக்காவில் சைபான் என்ற பெயரில் புகை நிறுத்தத்துக்கும் ஒப்புதல் பெற்றது. மூன்றாவதாக, தோலில் ஒட்டிக்கொள்ளும் நிக்கோட்டின் ஒட்டு, மெல்லும் நிக்கோட்டின் கம் ஆகியவை உள்ளன. இவை நிக்கோட்டினையே புகையும் தாரும் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பவை. பக்க விளைவும் பொதுவாக இலேசானது. ஒட்டிய இடத்தில் அரிப்பு வந்தால் தினமும் இடத்தை மாற்றி ஒட்ட வேண்டும். கம்மைச் சூயிங் கம்போல விடாமல் மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும் வரும். மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். அவ்வளவுதான். இனி மாத்திரைகளைப் பற்றியே பேசுவோம்.

மூன்றாம் படி: மருத்துவரிடம் மறைக்கக்கூடாதவை

நம்மவர்களிடம் ஒரு குணம் உண்டு. மருத்துவர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார்கள். கேட்காததை மனத்திலேயே வைத்துக்கொள்வார்கள். புகை நிறுத்தும் மாத்திரை விஷயத்தில் கேட்காமலே சொல்ல வேண்டியவை சில உண்டு.

வலிப்பு. சிறு வயதில் வந்து நின்றுபோன காக்காய் வலிப்பாக இருந்தாலும், பைக்கிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டதாக இருந்தாலும் சொல்லுங்கள். வலிப்பு நோய் உள்ளவருக்குப் புப்ரோபியோன் கொடுக்கவே கூடாது. ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் எடுப்பவர்களில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒருவருக்கு அது வலிப்பைக் கொண்டுவருகிறது; ஏற்கெனவே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் உடலுக்கு ஆபத்து பன்மடங்கு. வாரெனிக்லினுடனும் வலிப்பு வந்ததாகப் பதிவுகள் உண்டு. பெண் பார்க்கும் இடத்தில் மறைத்த சேதியை மருத்துவரிடமும் மறைக்க வேண்டியதில்லை.

சிறுநீரகம். வாரெனிக்லின் பெரும்பாலும் மாற்றமில்லாமல் சிறுநீர் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் மிகவும் பழுதடைந்தவருக்கு அது உடலில் தேங்கும். அளவைக் குறைத்துத்தான் கொடுக்க முடியும். இனிப்பு நீர் (நீரிழிவு) பல வருடமாக உள்ளவர்கள் கடைசி இரத்தப் பரிசோதனைத் தாளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இனிப்பு நீருக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவருக்குப் புப்ரோபியோனால் வலிப்பு வரும் வாய்ப்பும் சற்றுக் கூடும் என்பதால், அந்தத் தாள் இரண்டு வகையில் உதவும்.

மற்ற மருந்துகள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். வலிக்குக் கொடுக்கும் டிராமடோல், சில மனச்சோர்வு மருந்துகள், இளைப்புக்கான தியோஃபிலின், ஸ்டீராய்டு மாத்திரைகள் ஆகியவை புப்ரோபியோனோடு சேர்ந்தால் வலிப்பு எளிதாக வரும்படி செய்கின்றன. இங்கே இரவுச் சந்தையை மறக்கக்கூடாது. மூட்டுவலிக்கு "முழுக்க முழுக்க மூலிகை" என்று விற்கும் மாத்திரைகளில் டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறார்கள். அரிவாள் பிடித்துத் தோள் வலிக்கிறதென்று அதை வாங்கி விழுங்கும் ஒருவர், தாம் ஸ்டீராய்டு எடுப்பதை அறியமாட்டார், மருத்துவரும் அறியமாட்டார். அந்தப் புட்டியையும் பையில் போடுங்கள்.

கர்ப்பம், தாய்ப்பால், பதினெட்டு வயதுக்குக் கீழ் ஆகிய மூன்றிலும் இந்த இரண்டு மாத்திரைகளையும் பொதுவாகக் கொடுப்பதில்லை. உணவை ஒதுக்கியும், தின்றதை வாந்தியெடுத்தும் உடலை மெலிய வைக்கும் நோய் இருந்தவர்களுக்குப் புப்ரோபியோன் கூடாது. மனநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தால் அதையும் சொல்லுங்கள். அதனால் மருந்து மறுக்கப்படும் என்பதில்லை, கூடுதலாகக் கவனிப்பார்கள்.

கிளினிக்கில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால் இந்தச் சில மலாய்ச் சொற்கள் கைகொடுக்கும். வலிப்புக்கு சாவான், சிறுநீரகத்துக்கு புவா பிங்காங், இனிப்பு நீருக்கு கென்சிங் மானிஸ், இரத்தக் கொதிப்புக்கு டாரா திங்கி, குமட்டலுக்கு லோயா.

கள், சம்சு, பீர்

இதற்குத் தனித் தலைப்புக் கொடுத்ததற்குக் காரணம், தோட்டத்தில் இதைச் சொல்லாமல் விடுபவர்களே அதிகம்.

சிகரெட்டையும் குடியையும் ஒரே நாளில் விட்டொழிக்கிறேன் என்று கோயிலில் சத்தியம் செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மெச்ச வேண்டிய முடிவுதான். ஆனால் தினமும் அளவுக்கு மீறிக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் அதனாலேயே வலிப்பு வரலாம். அதோடு புப்ரோபியோனையும் சேர்த்தால் எரிகிற நெருப்பில் எண்ணெய். திடீரென்று குடியை நிறுத்துபவருக்கு அந்த மருந்து கூடாது என்று மருந்துத் தாளிலேயே இருக்கிறது. தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துபவருக்கும் இதே விதி. ஆகவே குடியின் உண்மையான அளவைச் சொல்லுங்கள். "எப்போதாவது" என்ற சொல் வேண்டாம். சம்பள நாளில் எவ்வளவு, மற்ற நாளில் எவ்வளவு என்று சொல்லுங்கள். எதை முதலில் விடுவது, எப்படி விடுவது என்று மருத்துவர் திட்டமிட்டுத் தருவார்.

வாரெனிக்லினின் சிக்கல் வேறு விதமானது. அதை எடுக்கும்போது சிலருக்கு வழக்கமாகத் தாங்கும் அளவுகூடத் தாங்காமல் போகிறது. இரண்டு கிளாஸில் நிலை தடுமாறுவது, காரணமில்லாமல் சண்டைக்குப் போவது, மறுநாள் காலையில் நடந்தது எதுவுமே நினைவில் இல்லாமல் விழிப்பது என்று பதிவாகியிருக்கிறது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் இதற்கென்றே எச்சரிக்கை வெளியிட்டது. கல்யாண விருந்தில் "பழைய அளவுதானே" என்று ஊற்றிக்கொள்ளாதீர்கள். முதல் சில வாரங்கள் தொடாமலிருப்பதே நல்லது. குடித்தால் பைக் சாவியை வீட்டுக்காரம்மாவிடம் கொடுத்துவிடுங்கள்.

நான்காம் படி: தொடங்கும் வாரம்

இரண்டு மாத்திரைகளுக்கும் பொதுவான விதி ஒன்று: மாத்திரை முதலில், சிகரெட்டை விடும் நாள் பிறகு. வாரெனிக்லினுக்கு வழக்கமான ஏற்பாடு, முதல் மூன்று நாள் 0.5 மில்லிகிராம் ஒரு வேளை. நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை 0.5 மில்லிகிராம் இரு வேளை; எட்டாம் நாளிலிருந்து 1 மில்லிகிராம் இரு வேளை; மொத்தம் 12 வாரம். சிகரெட்டை விடும் நாளை, மாத்திரை தொடங்கி ஒன்று இரண்டு வாரத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். ஆகவே முதல் வாரத்தில் புகைத்தால் விஷமாகிவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த வாரத்தில் சிகரெட் தானாகவே ருசியற்றுப் போவதைக் கவனியுங்கள். மருந்து வேலை செய்வதற்கு அதுவே அடையாளம்.

புப்ரோபியோன் 150 மில்லிகிராம் மாத்திரை முதலில் சில நாள் காலையில் ஒன்று, பிறகு நாளுக்கு இரண்டு. இரண்டுக்கும் இடையே குறைந்தது எட்டு மணி நேரம் இருக்க வேண்டும். பெரிதாக இருக்கிறதென்று உடைப்பது, பொடிப்பது, மெல்வது மூன்றும் கூடாது. மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்ட மாத்திரையை உடைத்தால் முழு மருந்தும் ஒரேயடியாக இரத்தத்தில் இறங்கும். வலிப்புக்கு அதுவே வழி. ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போடக்கூடாது. தவறியது தவறியதாகவே போகட்டும். வாரெனிக்லினுக்கும் இதையே பின்பற்றுங்கள்.

மாத்திரை உங்களை எப்படி ஆட்டுகிறது என்று தெரியும்வரை டிராக்டர், லோரி, புல்வெட்டும் இயந்திரம் ஆகியவற்றில் கவனம். தலை சுற்றலும் மயக்கமும் இரண்டு மருந்திலும் வரக்கூடும். தலைக்கு மேல் நீளக் கம்பில் அரிவாளை உயர்த்திச் செம்பனைக் குலையை இழுப்பவர் ஒரு நொடி தடுமாறினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. முடிந்தால் விடுமுறைக்கு முந்திய நாளில் தொடங்குங்கள். மண்டோரிடம் சொல்லி முதல் சில நாள் உதிரிப்பழம் பொறுக்கும் வேலை கேட்டாலும் தவறில்லை.

ஐந்தாம் படி: குமட்டலைச் சமாளிப்பது

வாரெனிக்லினின் முதல் எதிரி குமட்டல். முழு அளவு எடுப்பவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு வருகிறது. பெரும்பாலும் இலேசானது; நாளடைவில் குறையும். மருந்துத் தாளில் "உணவுக்குப் பின், ஒரு கிளாஸ் தண்ணீருடன்" என்று எழுதியிருக்கும். இந்த ஒரு வரியில்தான் தோட்டத்து வாழ்க்கை இடறுகிறது.

ஒரு குலை வெட்டுபவரின் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மணிக்கு எழுகிறார். ஒரு குவளை கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி), அதில் நனைத்த இரண்டு பிஸ்கட். அதன் மேல் மாத்திரை. ஆறு மணிக்கு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நிற்கிறார். ஆறரைக்கு மண் சாலையில் பைக் குலுங்கக் குலுங்கக் காட்டுக்குள் போகிறார். ஏழு மணிக்கு முதல் குலையை வெட்ட அண்ணாந்து பார்க்கும்போது வாயில் உமிழ்நீர் ஊறுகிறது, குளிர்ந்த வியர்வை வருகிறது, நிரையின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து வாந்தி எடுக்கிறார். அவர் பார்வையில் மாத்திரை நஞ்சு. பிஸ்கட்டை உணவு என்று கணக்கில் சேர்த்ததுதான் உண்மையான காரணம்.

அதற்கு மாற்று மிகச் சாதாரணமானது. காலை மாத்திரையை ஐந்து மணிக்குப் போடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரையைச் சின்ன டப்பாவில் போட்டுச் சோற்றுப் பாத்திரத்தோடு எடுத்துச் செல்லுங்கள். ஒன்பது பத்து மணிக்குச் சாப்பிட உட்காரும்போது, சோறோ நாசி லெமாக்கோ பாதி வயிறு நிரம்பிய பிறகு போடுங்கள். புட்டித் தண்ணீரை நன்றாகக் குடியுங்கள். இரண்டாவது மாத்திரையை இரவுப் படுக்கைக்குத் தள்ளாமல், ஆறேழு மணிக்குச் சாப்பாட்டோடு முடித்துவிடுங்கள். மாத்திரை போட்டவுடன் படுக்க வேண்டாம். அன்று எண்ணெய்ப் பலகாரத்தையும் மிளகாயையும் கொஞ்சம் குறைத்தால் வயிறு உங்களுக்கு நன்றி சொல்லும்.

இப்படி ஒரு வாரம் செய்தும் வாந்தி நிற்கவில்லை என்றால், நிறுத்திவிடாமல் கிளினிக்கிற்குப் போங்கள். அளவை 0.5 மில்லிகிராம் இரு வேளைக்கு இறக்கும் வழி மருத்துவரிடம் இருக்கிறது. குறைந்த அளவில் தொடர்வது, முழு அளவை விழுங்காமல் சாமி மேடைக்குப் பின்னால் வைப்பதைவிட எத்தனையோ மேல். மலச்சிக்கலும் வயிற்று உப்புசமும் கூடவே வரலாம். தண்ணீர், கீரை, பப்பாளி. இதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை.

கனவும் தூக்கமும்

வாரெனிக்லின் தரும் கனவுகள் நிறமும் ஒலியும் கூடியவை; விழித்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும். பேய் பிடித்துவிட்டது என்று மந்திரிக்கப் போனவரையும் எனக்குத் தெரியும். மந்திரித்தவர் தாயத்துக் கட்டிவிட்டார். மருத்துவரோ மாலை மாத்திரையை முன்னதாகப் போடச் சொன்னார். இரண்டில் எது வேலை செய்தது என்று அவரோடு நான் விவாதிக்கவில்லை.

கனவு பயமுறுத்துவதாக இருந்தாலும் அதுவே ஆபத்தில்லை. தூக்கத்தில் எழுந்து நடப்பது வேறு கதை. வீட்டில் இருப்பவர்கள் அதைக் கவனித்தால் உடனே மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். புப்ரோபியோனில் கனவைவிடத் தூக்கமின்மை முக்கியத் தொல்லை, கூடவே வாய் வறட்சி. இரண்டாவது மாத்திரையைப் பிற்பகல் மூன்று நான்கு மணிக்கே போட்டுவிடுங்கள். காலை ஆறரைக்கும் மாலை மூன்றுக்கும் இடையே எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்கும் அது பொருந்தும். புப்ரோபியோன் இரத்தக் கொதிப்பையும் ஏற்றக்கூடும், ஆகவே கிளினிக்கிற்குப் போகும்போதெல்லாம் அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். நிக்கோட்டின் ஒட்டையும் சேர்த்து எடுப்பவருக்கு இது இன்னும் முக்கியம்.

ஆறாம் படி: எது மருந்தின் வேலை, எது சிகரெட் போனதன் வேலை

எரிச்சல், கோபம், தூக்கமின்மை, எதிலும் மனம் நிலைக்காமை, ஓயாத பசி, மலச்சிக்கல், வாய்ப்புண், முன்பு இல்லாத இருமல். இவை அனைத்தும் மாத்திரையே போடாமல் சிகரெட்டை விட்டவருக்கும் வரும். முதல் வாரத்தில் உச்சத்தில் இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் தணியும். பசி மட்டும் நீண்ட நாள் நிற்கும். மாத்திரையைத் தொடங்கி, இன்னும் புகைத்துக்கொண்டிருக்கும் அந்த முதல் வாரத்தில் உங்களுக்கு எப்படி இருந்தது என்று நாட்காட்டியில் இரண்டு சொல் எழுதி வையுங்கள். அந்த வாரத்திலேயே வந்த தொல்லை என்றால் மருந்தின் மீது சந்தேகப்படலாம். சிகரெட்டை விட்ட மறுநாள் வந்தது என்றால் நிக்கோட்டின் போனதன் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். மருத்துவருக்கும் இந்தக் குறிப்பு பொன் போன்றது.

கோப்பியை யாரும் சந்தேகப்படுவதில்லை. சிகரெட் புகையில் உள்ள தார்ப் பொருள்கள் கல்லீரலை முடுக்கிவிட்டுக் காஃபினை வேகமாகக் கழித்துவிடுகின்றன. புகை நின்றதும் கல்லீரல் பழைய நிதானத்துக்குத் திரும்புகிறது. அதே நாலு குவளை கோப்பி ஓ, அதே தே தாரிக். ஆனால் உடலில் காஃபின் முன்னைவிடக் கணிசமாகத் தேங்குகிறது. கை நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, இரவு விழித்துக் கிடக்கிறார். பழியை மாத்திரை சுமக்கிறது. புகையை விடும் நாளிலிருந்தே கோப்பியைப் பாதியாகக் குறையுங்கள். மாலைக்குப் பிறகு வேண்டாம்.

இதே காரணத்தால் சில மருந்துகளும் உடலில் தேங்கும். தியோஃபிலின், மனநோய்க்கான குளோசபின், ஓலான்சபின் ஆகியவை முக்கியமானவை. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரினையும் கவனிக்க வேண்டும். இவற்றை எடுப்பவர்கள் புகையை விடும் தேதியை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனையோ அளவு மாற்றமோ தேவைப்படலாம். மாத்திரை இல்லாமல் வெறும் மனவுறுதியால் விட்டாலும் இது பொருந்தும். இன்சுலின் போடுபவர்களுக்குச் சர்க்கரை இறங்கும் வாய்ப்பு உண்டு. சில வாரம் அடிக்கடி குத்திப் பாருங்கள்.

ஏழாம் படி: அன்றே நிறுத்த வேண்டியவை

கீழே சொல்பவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த மாத்திரையைப் போடாதீர்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" வேண்டாம்.

முகம், உதடு, நாக்கு, தொண்டை வீங்குவது, மூச்சுத் திணறல். தோலில் கொப்புளம், தோல் உரிதல், வாய்க்குள் புண்ணோடு காய்ச்சல். வலிப்பு. நெஞ்சை அழுத்தும் வலி. ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல். இவற்றுக்கு 999 அழையுங்கள் அல்லது அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யாரையாவது ஓட்டிச் செல்லச் சொல்லுங்கள். நீங்களே பைக் ஓட்டக்கூடாது. தோட்டம் உட்புறத்தில் இருந்தால் ஆம்புலன்ஸ் நுழையும் சாலை எது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது. மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். புப்ரோபியோன் எடுப்பவருக்குத் திடீரெனக் கண் வலித்து, சிவந்து, பார்வை மங்கினாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

பிறகு மனம். இதைப் பற்றி ஊரில் பேச்சு அதிகம், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாரெனிக்லினும் புப்ரோபியோனும் மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும் கொண்டுவரலாம் என்ற புகார்களின் பேரில், 2009இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இரண்டுக்கும் மிகக் கடுமையான கட்டம் கட்டிய எச்சரிக்கையைச் சேர்த்தது. அதைத் தீர்த்துப் பார்க்க எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடத்திய ஈகிள்ஸ் ஆய்வின் முடிவு 2016இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஏறக்குறையப் பாதிப் பேர் மனநோய் வரலாறு உள்ளவர்கள். நிக்கோட்டின் ஒட்டோடும் மருந்தே இல்லாத போலி மாத்திரையோடும் ஒப்பிட்டபோது இந்த இரண்டு மருந்துகளாலும் மனநலப் பாதிப்பு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. புகையை விட்டவர்கள் வாரெனிக்லின் குழுவிலேயே அதிகம். அதே ஆண்டு டிசம்பரில் கட்டம் கட்டிய எச்சரிக்கை நீக்கப்பட்டது. ஆனால் மனநோய் வரலாறு உள்ளவர்களுக்கு, எந்தக் குழுவில் இருந்தாலும், தொல்லைகள் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. ஆகவே பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. கவனிப்பாரின்றி எடுக்கவும் கூடாது.

கவனிப்பது வீட்டில் உள்ளவரின் வேலை, ஏனென்றால் மாறுகிறவருக்குத் தான் மாறுவது தெரியாது. சிடுசிடுப்பு எல்லோருக்கும் வரும். வழக்கத்துக்கு மாறான வெறி, யாரிடமும் பேசாமல் ஒடுங்கிப்போவது, இல்லாததைக் கேட்பது பார்ப்பது, "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தனியே விடாதீர்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. தொடங்கும் நாளிலேயே மனைவிக்கோ, அண்ணனுக்கோ, லயத்தில் பக்கத்து வீட்டாருக்கோ இதைச் சொல்லி வைத்திருந்தால், அவர்கள் சொல்லும்போது சண்டையாகத் தோன்றாது.

பக்க விளைவைப் பொதுமக்களே நேரடியாக அறிவிக்கவும் வழி உண்டு. தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு அதற்கென்று கோன்செர்ஃப் என்ற படிவம் வைத்திருக்கிறது. நிரப்பத் தெரியாவிட்டால் மருந்தகத்தில் கேளுங்கள், உதவுவார்கள்.

எட்டாம் படி: பன்னிரண்டு வாரம் முடியும்போது

நன்றாக இருக்கிறது என்று ஆறாம் வாரத்திலேயே நிறுத்துபவர்கள் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். வாரெனிக்லினை முடிக்கும்போது சிலருக்குச் சில நாள் எரிச்சலும் புகை ஏக்கமும் தூக்கக் கெடுதலும் திரும்பும். அளவைப் படிப்படியாகக் குறைத்து முடிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். விட்டது நிலைத்திருக்க இன்னொரு 12 வாரம் தொடரச் சொல்வதும் உண்டு. இடையில் ஒரு சாவு வீட்டில் ஒன்று பிடித்துவிட்டால் அதற்காக மாத்திரையை நிறுத்தத் தேவையில்லை. அடுத்த வேளையை வழக்கம்போலப் போட்டு, அடுத்த சந்திப்பில் சொல்லுங்கள்.

மாத்திரையைப் பெட்டியிலேயே, வெயில் படாத வறண்ட இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். பைக்கின் இருக்கைக்கு அடியில் வைத்தால் வெந்துவிடும். புப்ரோபியோனைக் குழந்தை தெரியாமல் விழுங்கினால் வலிப்பு வரலாம். அறிகுறிக்குக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பயன்படுத்திய நிக்கோட்டின் ஒட்டிலும் மருந்து மீந்திருக்கும். ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்து, கோழியும் குழந்தையும் கிளறாத குப்பையில் போடுங்கள்.

மீந்துபோன மாத்திரைகளை அரசாங்க மருத்துவமனை அல்லது கிளினிக் மருந்தகத்தில் திருப்பிக் கொடுக்கலாம். காரணம் கேட்டுக் குடையமாட்டார்கள். "உனக்கு நல்லா வேலை செய்ததே, எனக்கும் இரண்டு அட்டை கொடு" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால், மாத்திரைக்குப் பதில் கிளினிக் சந்திப்பு நாளைச் சொல்லுங்கள். அவருக்குச் சிறு வயதில் வலிப்பு வந்ததா என்று உங்களுக்குத் தெரியாது.